குறும்பனை வள்ளத்தில் 14 மாதம்: கசியாத ஏஜிஎம் பேட்டரி

எங்கள் ஃபைபர் வள்ளத்தைத் துறைமுகத்தில் கட்டுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக் குறும்பனைக் கரை மணலிலேயே ஏற்றிவைப்பதால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை நாள்தோறும் கழற்றி வீட்டுக்குச் சுமந்துசெல்ல வேண்டியிருக்கிறது. முன்பு இருந்தது தண்ணீர் ஊற்றும் 60 ஆம்பியர்-அவர் (மின்னைச் சேமிக்கும் அளவு) பேட்டரி. ஒருநாள் அலையில் வள்ளம் சாய்ந்தபோது அதன் மூடித் துளை வழியே அமிலம் கசிந்து, அடியில் கிடந்த நைலான் வலையில் ஒரு முழத்துக்குக் கண்கள் தொட்டாலே அறும்படி ஆகிவிட்டது.

அதன் பிறகே, நாகர்கோவிலில் 35 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் (Absorbent Glass Mat, உறிஞ்சும் கண்ணாடி இழைப் பாய்) பேட்டரியை வாங்கினோம். இதுவும் ஈய பேட்டரிதான். ஆனால் கந்தக அமிலம் இதில் தளும்பி நிற்பதில்லை. தகடுகளுக்கு இடையே இறுக்கி வைத்துள்ள நுண்ணிய கண்ணாடி இழைப் பாய் அதை உறிஞ்சி வைத்திருக்கிறது. சார்ஜ் ஏறும்போது பிறக்கும் ஆக்சிஜன் அந்தப் பாயின் நுண்துளைகள் வழியே எதிர்த்தகட்டை அடைந்து மீண்டும் நீராகிவிடுவதால், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை.

எடை பத்தரைக் கிலோ. பழையதைவிட ஏறக்குறைய ஆறு கிலோ குறைவு. ஈயம் இலேசாகிவிடவில்லை. மெல்லிய தகடுகளை நிறைய அடுக்குவதால் அமிலம் தொடும் பரப்பு கூடி, உள்மின்தடை குறைகிறது. ஆகவே சிறிய பேட்டரியே செல்ஃப் ஸ்டார்ட்டுக்கு வேண்டிய நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைச் சில நொடிகளுக்குத் தளராமல் தருகிறது. பாரம் தூக்கும் தோளுக்கு இந்த வடிவமைப்பின் அருமை நன்றாகத் தெரியும்.

குறையும் உண்டு. மெல்லிய தகடுகள் அடிக்கடி முழுதும் இறங்குவதைத் தாங்கமாட்டா. இரவு முழுவதும் விளக்கெரிக்க இதை நம்பக்கூடாது. நாங்கள் விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் தனிப் பேட்டரி வைத்திருக்கிறோம். பழைய சார்ஜரையும் மாற்றவேண்டி வந்தது. சார்ஜ் மின்னழுத்தம் 14.8 வோல்ட்டைத் தாண்டினால், உள்ளே வாயு அழுத்தம் கூடி பேட்டரியின் பாதுகாப்பு வால்வு திறந்து வாயு வெளியேறிவிடும். அப்படிப் போன நீரைத் திரும்ப ஊற்ற இதில் வழியே கிடையாது. விற்ற கடையில் இதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். உப்புக்காற்றில் முனைகள் பூக்காமலிருக்க வாசலின் தடவுவதும் அவசியம்.

ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத ஐந்து வாரமும் பேட்டரி வீட்டு மூலையில் சும்மா இருந்தது. பின்னர் அளந்தபோது 12.7 வோல்ட் காட்டியது. மாட்டிய அன்றே எஞ்சின் முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டது.