ஆரம்ப சுகாதார நிலையத்துலயே (பிஎச்சி) ரெண்டரை வருஷமா பதட்டத்துக்கு வைத்தியம் பாக்குறேன்: என் அனுபவம்

நடுராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை வேர்த்துக் கொட்டும், ஹார்ட் அட்டாக்னு பயந்து மூணு தடவ ஈசிஜி எடுத்தாச்சு, எல்லாம் நார்மல், கேஸ் ட்ரபிள்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மாவுக்கு பிபி மாத்திரை வாங்க எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனப்ப தான் அங்க இருந்த டாக்டரம்மா என் மூஞ்சியப் பாத்துட்டு "நீங்க நல்லா தூங்கி எத்தன நாளாச்சு"ன்னு கேட்டாங்க. அங்கயே அழுதுட்டேன்.

தைராய்டு ஏறுனாலும் இதே படபடப்பு வருமாம், மொதல்ல அத டெஸ்ட் பண்ணாங்க. அது சரியா இருந்ததால மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து வர்ற சைக்யாட்ரிஸ்ட்ட பாக்க வச்சாங்க. பதட்டத்துக்கு எஸ்சிட்டலோப்ராம்ங்கிற மாத்திரை குடுத்தாங்க, மொதல்ல 5 எம்ஜி, அப்புறம் 10. காசு எதுவும் இல்ல. மொத பத்து நாள் வயித்தப் பொரட்டுச்சு, படபடப்பு இன்னும் கூடுன மாதிரி இருந்துச்சு, வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும்னு முன்னாடியே சொல்லிருந்ததால தான் விடாம போட்டேன். நாலாவது வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை, அம்மா வச்ச கருவாட்டுக் கொழம்பு வாசத்துக்கு பசி எடுத்துச்சு பாருங்க, பசின்னு ஒண்ணு வந்தே பல மாசம் ஆயிருந்துச்சு.

இங்க எனக்குப் பெரிய நிம்மதி அந்த வரிசை தான். சுகர்காரங்க, பிபிகாரங்க கூடவே நிக்குறோம், எதுக்கு வந்தேன்னு யாருக்கும் தெரியாது. ஆனா ஒரு நாள் மாத்திரை குடுக்குற எடத்துல "மனநல மாத்திரை யாருப்பா"ன்னு சத்தமா கூப்ட்டாங்க. வாங்காமலே திரும்பி வந்துட்டேன். 2017 மனநலச் சட்டத்துலயே நம்ம விவரத்த ரகசியமா வச்சிருக்கணும்னு இருக்கு. அடுத்த தடவ தைரியமா சொன்னேன், அதுல இருந்து சீட்டு நம்பர் தான் கூப்டுறாங்க.

இன்னொரு கொற, ஸ்டாக். ஒரு தடவ மாத்திரை இல்லன்னு சொல்லிட்டாங்க, நானும் அசால்ட்டா ஒரு வாரம் விட்டுட்டேன், தலைக்குள்ள ஷாக் அடிக்குற மாதிரி ஆகி மெடிக்கல்ல வாங்கிப் போட வேண்டியதாப் போச்சு. தயவுசெஞ்சு இந்த மாத்திரைய திடீர்னு நிறுத்தாதீங்க, ஸ்டாக் இல்லன்னா டாக்டர்கிட்ட அப்பவே கேளுங்க. டாக்டருங்க மாறிட்டே இருக்காங்க, மூணு பேர்கிட்ட ஆதியில இருந்து கதைய சொல்லியாச்சு. உக்காந்து பேச பத்து நிமிஷம் கெடச்சா பெருசு. நைட்டு தாங்க முடியலன்னா 14416க்கு போன் பண்ணுவேன், டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசுறாங்க.

போன மாசம் திரும்ப 5 எம்ஜிக்கு கொறச்சிருக்காங்க. தூக்கம் வருது. அம்மா சீட்டையும் என் சீட்டையும் ஒரே கவர்ல தான் போட்டு எடுத்துட்டுப் போறேன்.