டம்மி டக் அறுவைக்குப் பிந்தைய அழுத்த உடைகள்: எட்டு வாரம் அணிந்து பார்த்த மதிப்பீடு

தளர்ந்த வயிற்றுத் தோலை அகற்றி, விலகிய தசைகளை இழுத்துத் தைக்கும் டம்மி டக் அறுவைச் சிகிச்சை எனக்கு நடந்து எட்டு வாரங்கள் ஆகின்றன. இந்த நாட்களில் இரண்டு பொருட்கள் என் உடலை விட்டு ஏறக்குறைய அகலவே இல்லை. ஒன்று, மருத்துவமனையிலேயே சுற்றி அனுப்பிய அகலமான வெல்க்ரோ பட்டை. மற்றொன்று, மூன்றாம் வாரத்தில் வாங்கிய, மார்புக்குக் கீழே தொடங்கித் தொடையின் நடுப்பகுதி வரை இறங்கும், பக்கவாட்டில் கொக்கிகளும் அவற்றின் மேல் ஜிப்பும் வைத்த கம்ப்ரெஷன் உடை. வீக்கத்தையும் நீர் கோத்துக்கொள்வதையும் தடுக்கும் என்று இரண்டின் அட்டையிலும் ஒரே மூச்சில் அச்சிட்டிருந்தார்கள். வீக்கமும் நீர் கோத்தலும் ஒரே தொல்லையின் இரண்டு பெயர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பதை என் வயிறே கற்றுக்கொடுத்துவிட்டதால், இந்த உடைகளுக்கு ஒரே மதிப்பெண் போட என்னால் முடியவில்லை.

இந்த அறுவையில் தோலையும் கொழுப்பையும் வயிற்றுத் தசையிலிருந்து விலா எலும்பு வரை தூக்கிப் பிரித்து, மீதமுள்ள தோலைக் கீழே இழுத்துத் தைக்கிறார்கள். பிரித்த இடத்தில் இரு பரப்புகளும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் வரை அவற்றுக்கிடையே வெற்றிடம் ஒன்று இருக்கிறது. அங்கே கசிந்து தேங்கும் மஞ்சள் நீரைத்தான் செரோமா என்கிறார்கள். வீக்கம் என்பது அப்படித் தனியே தேங்கும் நீர் அன்று; தோலும் கொழுப்பும் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் நிலை. தொப்புளுக்குக் கீழுள்ள பகுதியின் நிணநீர் தொடையிடுக்கிலுள்ள கணுக்களை நோக்கி இறங்கும் பாதையை, இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை செல்லும் வெட்டு குறுக்கே அறுத்துவிடுகிறது. புதிய பாதைகள் உருவாக மாதக்கணக்கில் ஆகும். தழும்புக்குச் சற்று மேலே உள்ள இடம் மாலையானால் உப்பிக்கொள்வதும், காலையில் ஓரளவு வற்றிவிடுவதும் இதனால்தான். முதல் பிரச்சினைக்கு வழி நீரை வெளியேற்றுவது, இரண்டாவதற்கு வழி அழுத்தமும் பொறுமையும்.

முதலில் வெல்க்ரோ பட்டை. பார்வைக்கு அழகற்ற இந்தப் பொருள் முதல் இரண்டு வாரங்களுக்கு மிகப் பொருத்தமானது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். படுத்தபடியே இன்னொருவர் அவிழ்த்து மாட்டிவிடலாம். வீக்கம் கூடும்போது தளர்த்தவும் குறையும்போது இறுக்கவும் முடிகிறது. தையலையும், உள்ளே கசியும் நீரை வெளியேற்ற வைத்த டிரெய்ன் குழாய்கள் வெளிவரும் துளைகளையும் பார்க்க வேண்டுமானால் முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. குறைகளும் உண்டு. உட்கார்ந்தவுடன் விலா எலும்பை நோக்கி ஏறிவிடுகிறது, கீழ் விளிம்பு சுருண்டுகொள்கிறது, சுருண்ட இடத்துக்குக் கீழே வீக்கம் இறங்கி அடிவயிற்றின் கடைசியில் மேடு தட்டுகிறது. இரவில் புரளும்போது வெல்க்ரோ பிய்ந்துகொள்ளும் ஓசை வேறு.

இந்தப் பட்டையின் பெரிய குறை, டிரெய்ன் குமிழ்களை வைத்துக்கொள்ள அதில் ஓர் இடமும் இல்லாததுதான். எனக்கு இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றின் முனையிலும் கையடக்கமான ஒரு குமிழ். தொங்கவிட்டால் துளையிலுள்ள தையல் இழுபடும். ஆகவே ஒரு துணி நாடாவை இடுப்பில் கட்டி, ஊக்கால் குமிழ்களை அதில் மாட்டினேன். குமிழை நன்றாக நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடியை அடைத்தால்தான் அது உறிஞ்சும். உப்பிய குமிழ் வெறும் பாத்திரம்தான். காலையிலும் இரவிலும் ஒரு கையால் தோலருகே குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையின் இரு விரல்களால் கீழ்நோக்கி வழித்துவிடுவேன். மெல்லிய நூல் போன்ற உறைந்த இரத்தக் கட்டிகள் அப்போது நழுவி இறங்கும். பிறகு அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்துக்கொள்வேன். முதல் நாள் சிவப்பாக 90 மில்லி வந்தது; நான்காம் நாள் வெளிர் சிவப்பு; ஏழாம் நாளுக்குள் வைக்கோல் நிறத்துக்கு மாறி 40 மில்லி ஆயிற்று. இருபத்து நான்கு மணி நேரத்தில் 30 மில்லிக்குக் குறைவாக, தொடர்ந்து இரண்டு நாட்கள் வந்தால் குழாயை எடுக்கலாம் என்பது என் மருத்துவர் வைத்த கணக்கு. பல இடங்களில் இதே கணக்குதான், சிறு வேறுபாடுகளோடு.

பத்தாம் நாள் குழாய்களை எடுத்தார்கள். பட்டை இருக்கிறதே, இனி அது பார்த்துக்கொள்ளும் என்ற அட்டைப்பெட்டி நம்பிக்கையில் இருந்தேன். பதினாறாம் நாள் இரவு இடப்பக்கம் திரும்பிப் படுத்தபோது, தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று ஒரு கணம் தாமதித்து என்னோடு சேர்ந்து புரண்டது. பாதி நிரம்பிய தண்ணீர்ப் பையைச் சாய்த்தது போன்ற அசைவு. வீக்கம் இப்படி அசையாது, அது அழுத்தமாகக் கல்போல இருக்கும். மறுநாள் மருத்துவர் ஒரு பக்கத்தில் விரலால் மெல்லத் தட்டி, மறுபக்கத்தில் வைத்திருந்த உள்ளங்கையில் அந்த அலையை உணர்ந்தார். ஊசி குத்தி 60 மில்லி மஞ்சள் நீரை எடுத்தார். அந்தத் தோல் இன்னும் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. நான்கு நாட்கள் கழித்து 25 மில்லி. அடுத்த வாரம் ஒன்றும் இல்லை. கவனிக்காமல் வாரக்கணக்கில் விட்டிருந்தால் நீரைச் சுற்றி ஓர் உறை உருவாகி, அதை அகற்றவே மறுபடியும் அறுவை தேவைப்பட்டிருக்கலாம் என்றார்.

பட்டையைக் குறை சொல்லலாம் என்று எண்ணி அவரிடம் கேட்டேன். பட்டை இரு பரப்புகளையும் நெருக்கி வைக்க உதவுமே தவிர, அவற்றைப் பிணைக்காது என்பதுதான் பதில். அந்தப் பிணைப்பை உள்ளே போடும் தையல்களே தருகின்றன. தோல் மடலைப் படிப்படியாக இழுத்துத் தசையுறையோடு பல புள்ளிகளில் தைத்து வெற்றிடத்தை மூடும் முறையை ஹார்லன் பொல்லாக், டாட் பொல்லாக் என்ற அறுவை மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் விவரித்தார்கள். அதைப் பின்பற்றும் சிலர் டிரெய்ன் குழாயே வைப்பதில்லை. அறுவைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் ஒரு பட்டையின் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். ஆகவே நீர் கோத்தலைத் தடுப்பதில் இரண்டு உடைகளுக்கும் ஐந்துக்கு ஒன்றரைதான் தருவேன். அட்டையில் அந்த வாசகம் இல்லாதிருந்தால் மதிப்பெண் போட வேண்டிய தேவையே வந்திருக்காது.

ஜிப் வைத்த உடைக்கு வருகிறேன். இறுக்கமாக இருந்தால் வீக்கம் விரைவில் வற்றும் என்ற எண்ணத்தில் அளவு அட்டவணை சொன்னதற்கு ஓர் அளவு சிறியதை வாங்கினேன். அந்த அட்டவணையும் அறுவை செய்யாத வயிற்றுக்கானது. பெட்டியின் மேலிருந்த பெண்ணுக்கு அப்படி ஓர் உடை எதற்காகத் தேவைப்பட்டது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மூன்றாம் நாள் குளிக்கும்போது என் அக்கா, "இது என்ன கோடு?" என்று கேட்டாள். தொப்புளுக்குக் கீழே, உடை மடிந்திருந்த இடத்தில், சுண்டுவிரல் அகலத்துக்கு ஊதாச் சாயலில் ஒரு பள்ளம் பதிந்திருந்தது. தோல் மரத்திருந்ததால் எனக்கு உணர்வே இல்லை. அரைமணி நேரம் கழித்தும் அது மறையவில்லை. இழுத்துத் தைத்த தோலுக்கு இப்போது பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்துதான் இரத்தம் வருகிறது. மடிப்போ மிகை இறுக்கமோ அதை நெரித்தால் தோலே அழுகிப்போகும் அபாயம் உண்டு. இடுப்பு நெரிந்தால் வயிற்றின் உள்ளழுத்தம் கூடி, கால்களிலிருந்து இரத்தம் திரும்புவதும் மந்தமாகிறது. அறுவைக்குப் பிறகு காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே இருக்கும்போது இது தேவையற்ற விஷப்பரீட்சை.

சரியான அளவுக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் இந்த உடையின் அருமை தெரிந்தது. உடைக்கும் தோலுக்கும் இடையே இரு விரல்கள் நுழைய வேண்டும், ஆழ்ந்து மூச்சிழுக்க முடிய வேண்டும், உட்கார்ந்து எழுந்த பின்னும் மடிப்பு விழக்கூடாது. தொடைவரை நீள்வதால் வீக்கம் கீழே இறங்கி மேடு தட்டுவதில்லை. தையல்மடிப்புகள் வெளிப்புறமாக இருப்பது மிக நல்ல யோசனை. உள்ளே மெல்லிய நுரைத்தாள் ஒன்றை விரித்தால் அழுத்தம் சமமாகப் பரவுகிறது. கூடவே விற்கும் கெட்டியான வயிற்றுப் பலகை உட்காரும்போது விளிம்பால் குத்தியதால் இரண்டே நாளில் கழற்றிவிட்டேன். ஐந்தாம் வாரத்தில் ஆர்வத்தால் நாடாவைக் கொண்டு அளந்து பார்த்தேன். உடை அணிந்திருந்த நாளில் காலைக்கும் மாலைக்கும் இடையே சுற்றளவு ஒன்றரை சென்டிமீட்டர் கூடியது. துவைத்த உடை காயாததால் அணியாமல் இருந்த நாளில் நான்கு சென்டிமீட்டர். ஒரே ஒரு வயிற்றின் கணக்கு இது. இருந்தாலும் வீக்கத்துக்காக இந்த உடைக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். ஒரு மதிப்பெண்ணைக் கழிவறைத் திறப்புக்காகக் கழிக்கிறேன். அதை வடிவமைத்தவர் குனிய முடியாத ஒருவரை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

உடை செய்யாத வேலைகளும் இருக்கின்றன. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து இடுப்பை மடக்கிப் படுப்பதும், முதல் நாளிலிருந்தே கூனியபடியாவது சிறிது சிறிதாக நடப்பதும், உப்பைக் குறைப்பதும், பளு தூக்காதிருப்பதும் அவரவர் பொறுப்பு. சிறுநீர் மாத்திரையைத் தாமாக விழுங்குவது இந்த வீக்கத்தை வற்றவைக்காது. மரத்த தோலின்மேல் வெந்நீர்ப் பையோ பனிக்கட்டியோ வைக்கவே கூடாது, வெந்தாலும் தெரியாது. ஒரு பக்கம் திடீரென்று பெருத்தல், குழாயில் மீண்டும் செந்நிற இரத்தம், காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றம் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ வந்தாலும், மூச்சுத்திணறல் வந்தாலும் சற்றும் காத்திராமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் குழாய்களை எடுத்த பிறகு, அன்றைய சுற்றளவை அளந்து வாங்குங்கள். துவைத்து மாற்ற இரண்டு வேண்டும். ஆறாம் வாரத்திலிருந்து மருத்துவர் சொன்னபடி பகலில் மட்டும் அணிகிறேன். கொக்கிகளுக்கு மூன்று வரிசை வளையங்கள் இருக்கின்றன. வெளி வரிசையில் தொடங்கிய நான் சென்ற வாரம் கடைசி உள் வரிசைக்கு வந்துவிட்டேன். மாலை வீக்கம் இன்னும் சில மாதங்கள் இருக்கும் என்கிறார்கள். நான்காவது வரிசை ஒன்று வைத்திருந்தால் இந்த உடையையே அதுவரை ஓட்டியிருப்பேன்.