மூன்று கால் நாயா, சக்கர வண்டி நாயா?

அம்பாங்கில் உள்ள எஸ்பிசிஏ சிலாங்கூர் போன்ற காப்பகங்களில் தத்தெடுக்கப் போய், ஒரு காலை இழந்த நாயா, பின்னங்கால்கள் செயலிழந்து சக்கர வண்டியின் துணையோடு நடமாடும் நாயா என்று தடுமாறுகிறவர்களுக்கு இது. கோலாலம்பூரில் இரண்டுக்கும் மாநகர் மன்ற உரிமம் வேண்டும். வேற்றுமையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செலவு: மூன்று காலுக்கு வழக்கமான தீனி, தடுப்பூசி. மற்றதற்கு அணையாடை, சக்கர வண்டி, சிறுநீர்ப் பரிசோதனை.

வீடு: மூன்று காலுக்கு வழுக்கும் டைல்ஸ் தரைதான் எதிரி, ரப்பர் விரிப்பு போதும். எடை ஏறவே கூடாது. உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. (அத்தை பாசத்தோடு ஊட்டும் ரொட்டி சானாய்க்கும் தடை.)

பராமரிப்பு: செயலிழந்த நாய்கள் பலவற்றால் தாமாகச் சிறுநீர் கழிக்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை அடிவயிற்றை மெதுவாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். தேங்கினால் தொற்றுதான். தரையில் இழுபடும் தோலில் புண் வரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈ மொய்க்க அதிக நேரம் ஆகாது. வண்டி உலாவுக்கு மட்டுமே, அதில் படுக்க முடியாது.

விடிந்ததும் எல்ஆர்டி ரயில் ஏறி இருட்டிய பின் திரும்புகிறவர்கள் மூன்று கால் நாயை எடுங்கள். ஓய்வுபெற்ற அப்பாவோ பாட்டியோ பகல் முழுதும் இருக்கும் தரைவீடு என்றால் சக்கர வண்டி நாய்க்குத் தயங்க வேண்டாம். வயிற்றை அழுத்தப் போவது யார் என்று மட்டும் முன்பே பேசிவிடுங்கள்.