சமையல் மேடைக் கல் மாற்றினோம்: கல்லின் விலை பாதிதான்

நான் தையல் வேலை செய்கிறவள். முப்பது வருடமாக ஊரார் துணியை வெட்டிக்கொண்டிருக்கிறேன். துணியைக் கையில் எடுக்கும்போதே அகலம் எவ்வளவு, பூ எந்தப் பக்கம் பார்க்கிறது, வெட்டினால் எவ்வளவு மிஞ்சும் என்று மனதுக்குள் கணக்கு ஓடிவிடும். அப்படிப்பட்டவள் சமையல் மேடைக்குக் கல் வாங்கப் போன இடத்தில் மட்டும் "சதுர அடி என்ன விலை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். கடைசியில் ஒதுக்கி வைத்த பணத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகச் செலவானது.

கல்லைக் கொடுத்து, வெட்டி, பொருத்தியும் தந்த நிறுவனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. வேலை செய்த பையன்கள் தங்கமானவர்கள். எஸ்டிமேட் போட்டவர் மேல் உள்ள கோபம் அவர்கள் தலையில் விழ வேண்டாம்.

பழைய மேடை லாமினேட், அதாவது மரத்தூள் பலகைமேல் மெல்லிய தகடு ஒட்டியது. சிங்க்குக்குப் பக்கத்தில் இருந்த இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே மரத்தூள் பலகை ஊறி உப்பிவிட்டது. பணத்தை மட்டும் பார்த்தால் மறுபடியும் அதையே போட்டிருக்கலாம். விலையும் குறைவு, எடையும் குறைவு. குவார்ட்ஸ் என்று விற்கிற செயற்கைக் கல் பார்க்க அழகுதான். ஆனால் அதில் கல் தூளைப் பிடித்து வைத்திருப்பது பிசின். 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி நேராக வைத்தால் நிறம் மாறலாம், விரிசலும் விடலாம். நானோ கண்ட இடத்தில் பாத்திரத்தை வைக்கிறவள். மார்பிளில் எலுமிச்சைச் சாறு பட்டாலே பாலிஷ் போய்த் தழும்பு விழும். மரம் போட்டால் அவ்வப்போது எண்ணெய் பூசிக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் 20 மில்லிமீட்டர் கனத்தில் கறுப்பு கிரானைட் என்று முடிவானது. சுவரோரம் 4 அங்குல உயரத்துக்கு அதே கல்லில் ஒரு பட்டை.

எஸ்டிமேட் போட வந்தவர் டேப்பை இரண்டு முறை இழுத்தார். எங்கள் மேடை 'ட' வடிவம். ஒரு சுவரோரம் 10 அடி, மறு சுவரோரம் 7 அடி, அகலம் 2 அடி. பதினேழை இரண்டால் பெருக்கி 34 சதுர அடி என்று எழுதிவிட்டுப் போனார்.

ராத்திரி பழக்க தோஷத்தில் காகிதம் விரித்து மேடைக்கு ஒரு பேட்டர்ன் வெட்டினேன். மூலையில் காகிதம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. அந்த 2 அடிக்கு 2 அடி மூலையை மனிதர் இரண்டு பக்கமும் சேர்த்திருக்கிறார்! உண்மையில் 10 அடிக்குப் பக்கத்தில் ஒட்டுவது 5 அடிதான். 30 சதுர அடி. முன் ஓரத்தைப் பாலிஷ் போட ரன்னிங் அடிக்கு, அதாவது நீளத்தில் ஓர் அடிக்கு, இவ்வளவு என்று தனிக் கூலி, அதற்கும் 17 அடி போட்டிருந்தார். சுவர்ப் பக்கம்தான் 17 அடி. நாம் நிற்கிற உள்பக்கம் 8, 5 என்று 13 அடி, சுவரில் முட்டாமல் திறந்து நிற்கும் ஒரு முனை 2 அடி, மொத்தம் 15. வளைவில் வெளித் தையல் நீளம், உள் தையல் குட்டை என்பது எங்கள் தொழிலில் முதல் வாரப் பாடம்.

மறுநாள் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "அம்மா, எல்லாருக்கும் இப்படித்தான் போடுவோம்" என்றார். "எல்லாரும் பேட்டர்ன் வெட்டிக்கொண்டு வர மாட்டார்கள் தம்பி" என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டையும் திருத்திக் கொடுத்தார். முன்பணமும் கட்டிவிட்டேன்.

அந்தப் பெருமையில் பெரிய ஓட்டையைக் கவனிக்கவில்லை. வெட்டுக் கூலிதான் சதுர அடிக் கணக்கு. கல் முழு ஸ்லாப் கணக்கு, அதாவது வெட்டாத முழுப் பலகைக்கு விலை. நான் கைவைத்த ஸ்லாப் பத்தரை அடி நீளம், 3 அடி அகலம். அதில் 10 அடித் துண்டை எடுத்தால் 1 அடி அகலத்தில் ஒரு நீளப் பட்டை மிஞ்சும்; சுவர்ப் பட்டைக்கு அது தாராளம். ஆனால் 5 அடித் துண்டுக்கு இரண்டாவது ஸ்லாப்பைத் தொட வேண்டும். ஆக வாங்கியது 63 சதுர அடி, மேடைக்கும் பட்டைக்கும் சேர்த்துப் போனது 36. மீதி 27 சதுர அடிக்கும் பணம் கொடுத்தவள் நான்தான். முழுத் துணிக்குக் காசு கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தையல்காரியிடம் விட்டு வருகிற வாடிக்கையாளரை எனக்கு நன்றாகத் தெரியும். ரசீதில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்க வேண்டும்: மிச்சக் கல் யாருக்கு? நான் கேட்பதற்குள் அது அவர்கள் வண்டியில் ஏறியிருந்தது. இரண்டு தடவை போனில் சண்டை போட்டபிறகு ஜன்னல் திண்டுக்கு ஆகும் அளவு ஒரு துண்டு வந்தது.

அடுத்தது படிக்கட்டு. 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. 10 அடித் துண்டு மட்டும் 100 கிலோ. நாலு பேர் தூக்கிவிட்டார்கள், எடை பிரச்சினையில்லை. மாடி வளைவில்தான் அது திரும்பவில்லை. அளவெடுக்க வந்தவர் அதே படியில்தான் ஏறி வந்தார், அவருக்கு இது தோன்றவில்லை. கீழேயே வைத்து 6 அடி, 4 அடி என்று வெட்டிவிட்டார்கள், என்னைக் கேட்காமல். இணைப்பு சரியாக சிங்க்கின் ஓரத்தில் வந்து விழுந்தது. தண்ணீர் இறங்கித்தான் பழைய மேடை போனது என்று சொல்லித்தானே வேலையே கொடுத்தேன்! கல் ஊறி உப்பாது, சரி. ஆனால் அடியில் இருக்கிற அலமாரி மரம்தானே?

துண்டு துண்டாகத்தான் போகப்போகிறது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இவ்வளவு நீளமான ஸ்லாப்பே வாங்கியிருக்க மாட்டேன். வேறு வீட்டு வேலைகளில் மிஞ்சிய துண்டுகள் கல் கடைகளில் சாய்த்து வைத்திருப்பார்கள், விலையும் குறையும். 6, 4, 5 அடித் துண்டுகள் அதிலேயே தேறியிருக்கும். இதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மொத்தச் செலவை நூறு பங்காக வைத்து என் நோட்டிலிருந்து சொல்கிறேன். கல்லுக்கு 52. வெட்டு, ஓரப் பாலிஷ், சிங்க்குக்கும் அடுப்புக்கும் துளை எல்லாம் சேர்த்து 17. பழையதை உடைத்து அள்ளிக்கொண்டு போக 8. புது சிங்க், பிளம்பர் இரண்டும் 12. மேடையைப் பெயர்க்கும்போது சுவரில் உடைந்த டைல்ஸை மாற்ற 7. மீதி 4 ஏற்றுக்கூலி, சந்து அடைக்கும் சிலிக்கான் பசை, சில்லறை. டைல்ஸும் சிங்க்கும் என் பட்ஜெட்டிலேயே இல்லை. பழைய சிங்க்கையே திரும்பப் போடலாம் என்று நினைத்திருந்தேன். கழற்றும்போது விளிம்பு நெளிந்துவிட்டது. இனி யாராவது என்னைக் கேட்டால், உடைக்கிற வேலை இருக்கிற பட்ஜெட்டில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்குக் கல் தேடுங்கள் என்பேன்.

துளைகளிலும் ஒரு கணக்கு உண்டு. துளை போட்டதால் கல் மிச்சமாகும், அதைக் கழிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கழிக்க மாட்டார்கள், துளைக்குத் தனிக் கூலியும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. காஜா போட்டதற்காக நான் துணி விலையைக் குறைப்பதில்லையே. சிங்க்கைக் கல்லுக்கு அடியில் பொருத்தினால் துளையின் உள் விளிம்பு வெளியே தெரியும், அதையும் பாலிஷ் போட வேண்டும், கூலி ஏறும். மேலிருந்து இறக்கி வைக்கும் சிங்க் என்றால் விளிம்பு மறைந்துவிடும். நான் இரண்டாவதை எடுத்தேன்.

இப்போது நல்லதைச் சொல்ல வேண்டும். வெட்டின பையன் துளையின் நாலு மூலையையும் வளைவாக எடுத்தான். கூர் மூலையில்தான் விரிசல் தொடங்கும் என்றான். துணியிலும் அப்படித்தான், கிழிசல் கீறலின் முனையிலிருந்துதான் ஓடும். சிங்க்குக்கு முன்னால் கல் மூன்று விரல் அகலம்தான் நிற்கிறது, அதற்கு அடியில் ஒரு தாங்கு சட்டம் அவனாகவே கொடுத்தான். தண்ணீர் ஊற்றியே வெட்டினான், தூசி பறக்கவில்லை. கல் தூசி நுரையீரலுக்குப் போவது விளையாட்டு விஷயமில்லை. சிலிக்கா கலந்த செயற்கைக் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடையே செய்துவிட்டது, அதை வெட்டுகிறவர்களுக்கு வந்த சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயால்தான்.

அலமாரிகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டு இடத்தில் ஆப்பு வைத்த பிறகுதான் கல்லை இறக்கினார்கள். சுவர் மூலையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, இரண்டுக்கும் குறுக்கே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். எங்கள் வீட்டில் அரை அங்குலம் குறைந்தது. கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பக்கம் சந்து விழுந்தது. நல்லவேளை, அந்தப் பட்டை மூடிவிட்டது. பட்டை இல்லாத மேடையென்றால் அட்டையில் அச்செடுத்துத்தான் வெட்டச் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் என்றார்கள், ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் வெளியில் வாங்கிச் சாப்பிட்ட செலவு மேலே சொன்ன நூறில் சேரவில்லை.

நான்கு மாதம் கழித்து இணைப்பில் ஒரு கோடு தெரிந்தது. போன் போட்ட மூன்றாம் நாள் அதே பையன் வந்தான். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கல் நிறத்திலேயே எபாக்ஸி பசை நிரப்பினான், காசு வாங்கவில்லை. அதனால் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் இரண்டுதான்.

கிளம்பும்போது, சிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். வண்டியிலேயே கிடந்தது. அதிலிருந்து மூன்று அங்குலச் சதுரமாக எட்டு வில்லை அறுத்து, ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தான். ஒவ்வொன்றும் 300 கிராம் இருக்கும். இப்போது துணி மேல் பேட்டர்ன் காகிதம் நகராமல் இருக்க அதைத்தான் வைக்கிறேன்.