புதுப் பூனையை வீட்டுப் பூனைகளோடு சேர்ப்பது: நேரடியாகவா, கூண்டிலா, தனி அறையிலா?

தெருவில் இருந்த ஒரு பூனையைத் தத்தெடுத்து, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பூனைகளோடு சேர்ப்பதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. வந்த அன்றே நடுக்கூடத்தில் இறக்கிவிட்டு, 'அதுங்களே பார்த்துக்கும்' என்று விடுவது ஒன்று. கூடத்தில் பெரிய கூண்டு வைத்து, புதுப் பூனையைக் கொஞ்ச நாள் அதற்குள் இருத்துவது இன்னொன்று. தனி அறையில் வைத்து, வாசனை, சத்தம், பார்வை என்று ஒவ்வொன்றாகப் பழக்குவது மூன்றாவது. நான் மூன்றாவதன் கட்சி. மற்ற இரண்டையும் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் புரிகிறது, அதனால் மூன்றையும் பார்த்துவிடுவோம்.

முதலில் நோய் விஷயம். பூனைகளின் லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) வைரஸ் எச்சில் வழியாகப் பரவும். ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவது, ஒன்றையொன்று நக்கிக்கொள்வது எல்லாம் அதற்கு வழிதான். எஃப்ஐவி, அதாவது பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ், பெரும்பாலும் ஆழமான கடியால் தொற்றுகிறது. இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் சமீபத்தில் தொற்றியிருந்தால் முதல் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், எஃப்ஐவி தெரிய 60 நாள் வரைகூட ஆகலாம். அதனால்தான் மருத்துவர் மறுபடி அழைத்து வரச் சொல்கிறார். வாந்தி, பேதியோடு பூனையின் உயிரையே எடுக்கக்கூடிய பன்லூக்கோபீனியா வைரஸ் இன்னும் பிடிவாதமானது, வீட்டுத் தரையிலும் பொருட்களிலும் ஒரு வருடம்கூடத் தாங்கும். இதோடு படர்தாமரை, காது உண்ணி, தெள்ளுப்பூச்சி, குடற்புழு எல்லாம் இருக்கின்றன. பார்க்க நன்றாக இருக்கும் பூனைக்கும் இவை இருக்கலாம். ஆகவே இரண்டு வாரமாவது தனியாக வைக்க வேண்டும், புதுப் பூனையைத் தொட்டபின் கை கழுவ வேண்டும், வீட்டுப் பூனைகளுக்குத் தடுப்பூசி பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரடிச் சந்திப்பில் இதற்கெல்லாம் இடமே இல்லை. எனக்கு அந்த வழி பிடிக்காததற்கு இந்த ஒரு காரணமே போதும், ஆனால் இன்னும் இருக்கிறது.

நேரடியாக விட்டு நன்றாகப் போன வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. வந்தது மூன்று மாதக் குட்டியாகவும் இருப்பது சாதுவான பூனையாகவும் இருந்தால், நாலு சீறலோடு முடிந்துவிடுவதும் உண்டு. வளர்ந்த பூனைகள் என்றால் கதை வேறு. பூனை தனியாக வேட்டையாடும் பிராணி. தெருவில் கூட்டமாக வாழும் பூனைகளைப் பார்த்தால் பெரும்பாலும் தாய், மகள், சகோதரி என்று சொந்தமாகத்தான் இருக்கும். முன்பின் தெரியாத ஒரு பூனை தன் இடத்துக்குள் வந்தால் வரவேற்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. சண்டை போட்டபின் சமாதானம் ஆகும் வழக்கமும் பூனைகளிடம் அவ்வளவாகக் கிடையாது. முதல் நாள் துரத்திக் கடித்துவிட்டால், அடுத்த முறை பார்த்ததுமே பழைய பயம்தான் முன்னால் வரும். புதுசுக்கோ ஒளிய இடம் எது, ஓட வழி எது என்றுகூட அந்த வீட்டில் தெரியாது. காயமும் உடனே கண்ணில் படாது. பூனைப் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டி சில நாள் கழித்துத்தான் வீங்கும்.

கூண்டு வழி இதைவிட எவ்வளவோ மேல், கடி விழாது. ஒரே அறை உள்ள வீட்டில் வேறு வழி இல்லை என்றுதான் பலர் இதற்கு வருகிறார்கள். ஆனால் வெளியே இருந்து பார்த்தால் நன்றாகப் போவதுபோல் தெரிவதுதான் இதில் ஆபத்து. வீட்டுப் பூனை கூண்டுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். சத்தம் இல்லை, சண்டை இல்லை, 'பழகிடுச்சு' என்று நாம் நினைப்போம். உள்ளே இருப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பின் மூலையில் லிட்டர் தட்டுக்குள் (பூனை மலஜலம் கழிக்கும் தட்டு) ஒடுங்கியிருக்கும், காது பக்கவாட்டில் படிந்திருக்கும், கண்ணின் கருமணி விரிந்திருக்கும், வைத்த சாப்பாடு அப்படியே கிடக்கும். வெறித்துப் பார்ப்பது பூனைகளுக்குள் மிரட்டல். அதிலிருந்து விலகிப் போக முடியாமல் கூண்டு செய்துவிடுகிறது. கூண்டுதான் முடியும் என்றால் மூன்று பக்கமும் துணி போட்டு மூடுங்கள், தரையில் வைக்காமல் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள், உள்ளே நுழைந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி கொடுங்கள். சாப்பாடும் லிட்டர் தட்டும் ஒட்டி இல்லாத அளவுக்குக் கூண்டு பெரிதாக இருக்கட்டும். அதைவிட, காற்றோட்டமான குளியலறை இருந்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மிரண்டு வந்த பூனைக்குச் சின்ன இடம்தான் நிம்மதி.

இனி தனி அறை. தெருவிலிருந்து வந்த பூனைக்கு இரண்டு அறிமுகம் தேவை என்பதை இந்த வழி மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. அது முதலில் சுவருக்கும், மனிதருக்கும், மிக்ஸி சத்தத்துக்கும் பழக வேண்டும். அந்தப் பயம் அடங்கும் முன்பே இன்னொரு பூனையையும் காட்டுவது அதிகம். நன்றாகச் சாப்பிட்டு, தட்டைச் சரியாகப் பயன்படுத்தி, நீங்கள் உள்ளே போனால் ஒளியாமல் இருக்கும்வரை அடுத்த படி வேண்டாம்.

அடுத்த படி வாசனை. பூனைகள் தங்கள் கூட்டத்தை மோப்பத்தால்தான் அடையாளம் காண்கின்றன. மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிய பூனையைப் பார்த்து, கூட வளர்ந்த பூனையே சீறுவது இதனால்தான். ஒரு சுத்தமான துணியால் புதுப் பூனையின் கன்னத்தை மெதுவாகத் தடவி, அந்தத் துணியை மற்றவை நடமாடும் இடத்தில் போடுங்கள். அவற்றின் மேல் தேய்க்காதீர்கள், அவையாக வந்து மோந்து பார்க்கட்டும். மோந்துவிட்டுச் சாதாரணமாக நடந்து போனால் நல்லது. துணியைப் பார்த்தே சீறினால் இன்னும் சில நாள் அதே படியில் இருங்கள். அப்புறம் கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு. கிண்ணத்தைத் தள்ளி வைத்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கதவருகே கொண்டு வாருங்கள். தலையைத் தூக்கிக் கதவையே பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றால் கிண்ணம் ரொம்பக் கிட்டே வந்துவிட்டது, பழைய இடத்துக்குத் தள்ளுங்கள். மருத்துவர் தொற்று இல்லை என்று சொன்னபின், அறையையும் சிறிது நேரம் மாற்றி விடலாம். புதுசு வீட்டைச் சுற்றிப் பார்க்கும், பழசு அந்த அறையை ஆராயும், நேருக்கு நேர் பார்க்காமலே.

பார்வைப் படிக்கு வலைக்கதவுதான் சிறந்தது. அதில் ஒரு துணியைத் திரையாகத் தொங்கவிட்டு, தினம் சில அங்குலம் உயர்த்துங்கள். அது இல்லாவிட்டால் கதவைச் சற்றே திறந்து வைப்பது பரவாயில்லை, ஆனால் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கேரியரில் அடைத்து நடுவில் வைப்பது மோசமானது, கூண்டின் குறைகள் எல்லாம் அதில் இன்னும் நெருக்கமாக இருக்கும். தெருப் பூனைக்குப் பட்டை மாட்டி இழுத்து வருவதும் வேண்டாம்.

இந்த வழியின் குறை நேரம். சில வாரங்கள் ஆகலாம், சில வீடுகளில் மாதங்கள். இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் கவனிக்க வேண்டும், மூத்த பூனை கதவருகே உட்கார்ந்து கத்தும். பாதியில் பொறுமை இழந்து கதவைத் திறப்பவர்கள்தான் அதிகம்.

கருத்தடை செய்யாத கடுவன் என்றால் எந்த வழியானாலும் அறுவை சிகிச்சைதான் முதலில். அதற்குப் பிறகும் ஹார்மோன் அடங்கச் சில வாரம் ஆகும். மின்செருகியில் மாட்டும் ஃபெரோமோன் (பூனைகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் வாசனைப் பொருள்) கருவிகள் சில பூனைகளுக்கு உதவுகின்றன. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், கதவுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

ஒரே அறையில் விடும் நாளில் சீறல் வந்தால் பதற வேண்டாம், 'கிட்டே வராதே' என்று சொல்வதுதான் அது. சத்தமில்லாமல் உடம்பு விறைத்து முறைப்பது, வால் நுனி துடிப்பது, இன்னொன்றின் வழியை மறித்து உட்காருவது, இவைதான் பிரிக்க வேண்டிய அடையாளங்கள். பிரிக்கும்போது கையை நடுவில் விடாதீர்கள், ஓர் அட்டையையோ தலையணையையோ குறுக்கே நுழைத்துவிடுங்கள். பூனைக்கடி மனிதருக்கும் சீழ் பிடிக்கும், தடுப்பூசி போடாத தெருப் பூனை என்றால் வெறிநாய்க்கடி நோய் அபாயமும் உண்டு, மருத்துவரிடம் போக வேண்டும். லிட்டர் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். இந்த நாட்களில் ஆண் பூனை அடிக்கடி தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது அவசரம், விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

ஏற்கெனவே நேரடியாக விட்டுச் சண்டை வந்துவிட்டதா? தினமும் சேர்த்து விட்டுப் பார்க்காதீர்கள். இன்றே பிரித்து, புதிதாக வந்த பூனைபோல் நினைத்து, கதவிலிருந்தும் துணியிலிருந்தும் மறுபடி தொடங்குங்கள். இரண்டாவது முறை அதிக நாள் எடுக்கும். சில பூனைகள் கடைசிவரை நட்பாகாமல், ஒன்று அலமாரி மேலும் ஒன்று ஜன்னலோரமும் என்று இடத்தைப் பிரித்துக்கொண்டு வாழும். இரண்டும் நன்றாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினால் அதுவே போதும், கட்டிப்பிடித்துத் தூங்க வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியதில்லை.