கவுன்சில் பில்டிங் கண்ட்ரோல் சேவை: ஐந்துக்கு மூன்றரை

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையை இழுத்துக் கட்டப் போகிறவர்கள் முதலில் குழம்பும் இடத்தில்தான் நானும் குழம்பினேன். எங்களுடையது 3 மீட்டர் தரைத்தள எக்ஸ்டென்ஷன், பிளானிங் பெர்மிஷன் தேவையில்லை என்றார்கள். அப்புறம் என்ன, கடப்பாரையை எடுக்கலாம் என்று நினைத்துவிட்டேன். அது வேறு, இது வேறு. கட்டடம் வெளியே எப்படித் தெரியும், பக்கத்து வீட்டு வெளிச்சத்தை மறைக்குமா என்று பார்ப்பது பிளானிங். சுவர் நிற்குமா, தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா, சூடு வெளியே போகாமல் இருக்குமா என்று பார்ப்பது பில்டிங் ரெகுலேஷன்ஸ். முதலாவது வேண்டாம் என்றாலும் இரண்டாவது கட்டாயம். அதைச் சரிபார்க்கும் கவுன்சில் பிரிவுதான் பில்டிங் கண்ட்ரோல்.

பில்டர், "பில்டிங் நோட்டீஸ் போட்டுவிடலாம் அண்ணா, வரைபடம் எல்லாம் வேண்டாம், அடுத்த வாரமே தோண்டலாம்" என்றார். கேட்க இனிப்பாக இருந்தது. ஆனால் எங்கள் பின்முற்றத்தில் ஒரு மேன்ஹோல் இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கழிவும் அதே குழாயில்தான் போகிறது. அப்படிப் பகிர்ந்துகொள்ளும் குழாய்கள் 2011 அக்டோபரிலிருந்து தண்ணீர் கம்பெனியின் பொறுப்பு. அதன் மேலோ பக்கத்திலோ கட்டுவதென்றால் நோட்டீஸ் வழி செல்லாது, கம்பெனியின் ஒப்புதலும் வேண்டும். நல்லவேளை, கவுன்சிலில் போனை எடுத்த பெண்மணி இதை முதல் நாளே சொன்னார். அதற்கே ஒரு ஸ்டார்.

ஆக, ஃபுல் பிளான்ஸ், அதாவது வரைபடங்களைக் கொடுத்து ஒப்புதல் கேட்கும் வழி. 5 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி, எங்களுக்குச் சரியாக ஐந்தாவது வாரத்தின் கடைசி நாளில் வந்தது. நடுவில் இரண்டு கேள்வி. இரும்பு பீமுக்கு எஞ்சினியரின் கணக்கு எங்கே என்பது ஒன்று. கண்ணாடி ஏன் இவ்வளவு என்பது இன்னொன்று. புது அறையின் தரைப்பரப்பில் 25 சதவீதமும், அறை கட்டியதால் மறைந்துபோகும் பழைய ஜன்னல் கதவுகளின் பரப்பும், இவை இரண்டையும் கூட்டினால் வருவதுதான் சாதாரண வரம்பு. நாங்கள் ஆசைப்பட்ட மடிப்புக் கதவும் கூரைக் கண்ணாடியும் அதைத் தாண்டிவிட்டன, கூரைக் கண்ணாடியைச் சின்னதாக்கினோம். இது கட்டி முடித்த பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐந்து முறை வந்தார், ஒருமுறைகூட இருபது நிமிடம் தாண்டவில்லை. ஆனால் ஆள் கெட்டிக்காரர். அஸ்திவாரக் குழியை எட்டிப் பார்த்தார், பக்கத்து வீட்டு மரத்தை நிமிர்ந்து பார்த்தார், களிமண்ணை விரலில் உருட்டிப் பார்த்தார், "இன்னும் ஆழம் போங்கள்" என்றார். பில்டர் முகம் தொங்கிப்போனது. இன்னொரு நாள் டார்ச் அடித்து பீமின் நுனியைக் காட்டினார்: கீழே பேட்ஸ்டோன் (பீமின் பாரத்தைப் பரப்பித் தாங்கும் கல்) இல்லை, வெறும் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. நான் அந்த இடத்தைத் தினமும் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அதற்காக அவரை நம் மேஸ்திரி என்று நினைத்துவிடாதீர்கள். டைல் கோணலாக இருந்தாலும் பெயின்ட் உரிந்தாலும் அவருக்கு அது வேலையே இல்லை. கூப்பிட்டால்தான் வருவார், கூப்பிட வேண்டியது பில்டர், பில்டர் மறந்தால் தலைவலி நமக்கு. எங்கள் பில்டர் தரை இன்சுலேஷனைக் காட்டாமலே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார். நான் போனில் எடுத்து வைத்திருந்த நாலு படங்கள் இல்லையென்றால் உடைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

குறைக்கு வருகிறேன். கடைசிப் பார்வை முடிந்தும், வேலை விதிப்படி முடிந்தது என்று கவுன்சில் தரும் சான்றிதழ் வரவில்லை. மூன்று மெயில், இரண்டு வாய்ஸ் மெசேஜ், பதிலில்லை. ஏழாவது வாரத்தில்தான் எலெக்ட்ரீஷியன் தரவேண்டிய சர்டிஃபிகேட் ஃபைலில் இல்லை என்றார்கள். இதை முதல் வாரமே சொல்ல ஒரு வரி போதுமே! ஒன்றரை ஸ்டார் குறைத்தது இதற்குத்தான். வீட்டை விற்கப் போனால் வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தை. போதாததற்கு, விதிமீறிய வேலையைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் விட முன்பு கவுன்சிலுக்கு 12 மாதம்தான் அவகாசம், இப்போது 10 வருடம்.

எலெக்ட்ரீஷியனைத் துரத்திப் பிடித்து வாங்கி அனுப்பினேன், மறுநாளே பிடிஎஃப் வந்துவிட்டது. பில்டருக்குக் கடைசித் தவணையை அதற்கப்புறம்தான் கொடுத்தேன். அவருக்குக் கோபம், இருக்கட்டும்.