ஐஸ்லாந்தில் ஒரே நாள்: கோல்டன் சர்க்கிளா, தென்கரையா?

தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும் வழிகாட்டிப் பயணங்களில் முக்கியமான போட்டி இரண்டுக்குள்தான்: கெய்சிர், திங்வெட்லிர், குல்ஃபோஸ் மூன்றையும் சுற்றி வரும் கோல்டன் சர்க்கிள், தெற்குக் கடலோரமாக வீக் ஊர் வரை போகும் தென்கரை. இரண்டிலும் எரிமலை நிலம் உண்டு, அருவி உண்டு. வெந்நீர் பீறிட்டு எழுவதைப் பார்க்க வேண்டுமானால் கோல்டன் சர்க்கிள்தான், தென்கரைப் பாதையில் அது கிடையாது.

எனக்கு அந்த ஒரு காரணமே போதும். கெய்சிர் பகுதியில் பெரிய ஊற்று பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது. பக்கத்திலிருக்கும் ஸ்ட்ரோக்கூர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 15 முதல் 20 மீட்டர் வரை எழும்புகிறது. ஆழத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டினாலும், மேலுள்ள நீரின் அழுத்தத்தால் கொதிக்க முடியாமல் நிற்கும். அந்தப் பிடி தளர்ந்ததும் சட்டென்று ஆவியாகி எல்லாவற்றையும் மேலே தள்ளிவிடும். வெடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் நீர்ப்பரப்பு நீலக் குமிழாக உப்பும் பாருங்கள், அதைத் தவறவிடாதீர்கள். கேமராவை எடுக்காமல் முதலில் இரண்டு முறையாவது வெறும் கண்ணால் பாருங்கள்.

அதே நாளில் திங்வெட்லிரும் வரும். வட அமெரிக்கப் புவித்தட்டும் யுரேசியப் புவித்தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகும் பள்ளத்தாக்கு இது. கி.பி. 930இல் ஐஸ்லாந்தின் நாடாளுமன்றம் கூடத் தொடங்கியதும் இங்கேதான். அப்புறம் குல்ஃபோஸ் அருவி. ஹ்விடா ஆறு இரண்டு படிகளில் 32 மீட்டர் விழுகிறது. இங்கே மின்சாரத்துக்காக அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் வரை போன விவசாயி மகள் சிக்ரிதுர் தோமாஸ்தோத்திருக்கு அருவியருகே நினைவுக்கல் இருக்கிறது. அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் பிற்பாடு நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார்.

அருவி மட்டும்தான் கணக்கு என்றால் தென்கரைக்கே என் ஓட்டு. செல்யாலான்ஸ்ஃபோஸின் பின்புறமாக நடந்து போகலாம். ஸ்கோகாஃபோஸ் 60 மீட்டர் உயரத்திலிருந்து அகலமாக விழுகிறது, அடிவாரம் வரை போய் நிற்கலாம், நனையத் தயாராக இருங்கள். 2010இல் சாம்பல் கக்கி ஐரோப்பிய விமானங்களை நிறுத்திய எயாஃப்யாட்லாயோகுட்ல் மலையும் இதே பாதையில்தான்.

ஆனால் தூரம் அதிகம். வீக் ஊர் வரை போய்த் திரும்ப 370 கிலோமீட்டருக்கு மேல், பத்து மணி நேரத்துக்கும் குறையாது. டிசம்பரில் வெளிச்சமே நான்கு மணி நேரம்தான், செல்யாலான்ஸ்ஃபோஸின் பின்பாதையையும் பனிக்கட்டி காரணமாக அடிக்கடி மூடிவிடுவார்கள். அதனால் குளிர்காலத்தில் கோல்டன் சர்க்கிள், ஜூன், ஜூலையில் தென்கரையையும் தாராளமாக யோசிக்கலாம். சின்னப் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போனால் எந்த மாதமும் கோல்டன் சர்க்கிள்தான்.

தென்கரை போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரையின் கறுப்பு மணலில் அலை எச்சரிக்கையின்றி நெடுந்தூரம் ஏறி ஆளை இழுத்துவிடும், உயிர்கள் போயிருக்கின்றன. அங்குள்ள எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தால் மணலில் இறங்கவே வேண்டாம். மற்ற நேரத்திலும் கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள்.